மடித்து நீட்டிய கடிதமும் 19 நாள் விசாரணையும்

சிறைக் காவலராக மாலை எண்ணிக்கையை முடித்து அறைகளைப் பூட்டிக்கொண்டே வந்தபோது, கட்டைவிரல் அகலத்துக்கு மடித்த ஒரு தாளைக் கம்பிகளுக்கு இடையே நீட்டினார் ஒரு சிறைவாசி. "மகளுக்கு எழுதினேன் ஐயா, வெளியே போகும்போது தபாலில் சேர்த்துவிடுங்கள், போதும்" என்றார். நான் தயங்கிய அந்த ஒரு நொடியில், "தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். என் மகனைப் பற்றி அவரிடம் நான் ஒருபோதும் பேசியதில்லை; சக காவலர் ஒருவரிடம் அந்த நடையில் நின்று பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். கை தானாக நீண்டு தாளை வாங்கிவிட்டது.

இதற்கு முந்தைய நான்கு மாதங்களில் நடந்தவற்றைப் பிறகு வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதலில் ஒரு பேனா கேட்டார், கொடுத்துத் திரும்ப வாங்கினேன். பிறகு, மற்றவர்களைப் போல் நீங்கள் கடுமையாகப் பேசுவதில்லை என்றார். ஒருநாள் நூலகத்தில் பத்து நிமிடம் கூடுதலாக இருக்க விட்டேன். அதை அவரும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்தப் பத்து நிமிடந்தான் எங்கள் இருவருக்கும் பொதுவான முதல் இரகசியம் என்பதும், பெரிதாக ஏதேனும் கேட்டு நான் மறுக்கும் நாளில் அது எனக்கு எதிராகவே திரும்பக்கூடும் என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை.

கடிதத்தை வெளியே கொண்டுபோகவில்லை. அன்றிரவு பொறுப்பு அதிகாரி சுற்றுப் பணியில் இருந்ததால், வளாகத்துக்குள் இருந்த என் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, காலையில் அறிக்கை கொடுப்பது என்று முடிவு செய்தேன். அது தவறான முடிவு. உங்களுக்கு இப்படி நேர்ந்தால், அந்த முறைப்பணி முடிவதற்குள் இரண்டு வரியாவது எழுதி, நேரம் குறித்து, யாராவது ஒருவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கு வந்த குறிப்பாணைக்குப் பதில் எழுதுவது, கடிதத்தைப் பற்றி எழுதியதைவிடப் பல மடங்கு கடினமாக இருந்தது.

காலையில் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் என் தாளை வாங்கவே மறுத்தார். தாக்குதல், தப்பிக்கும் முயற்சி, தடை செய்யப்பட்ட பொருள் ஆகியவற்றுக்குப் படிவம் உண்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்பதற்குப் படிவம் கிடையாது என்றார். எனக்கு மேலே இருந்தவரோ, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடு, பெயர் கெட்டுப்போகும் என்று அக்கறையோடுதான் சொன்னார். அந்த அறிவுரையை ஏற்காதது ஒன்றே இந்த விவகாரத்தில் நான் சரியாகச் செய்த காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்திருந்தால் சான்று கையைவிட்டுப் போயிருக்கும். நான் வாங்கினேன் என்ற செய்தி மட்டும் அந்த அறையில் தங்கியிருக்கும்.

படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதலாம். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் அறிக்கை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "மிரட்டும் நோக்கத்துடன் என் மகனைப் பற்றிக் கேட்டார்" என்று எழுதியிருந்தேன். நோக்கம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அவர் சொன்ன சொற்களையும், நான் செய்ததையும், நேரத்தையும் மட்டும் வைத்துத் திரும்ப எழுதினேன். நூலகத்துப் பத்து நிமிடத்தையும் சேர்த்தேன். அதை எழுதும்போது கை நடுங்கியது. ஆனால் விசாரணையில் என்னை நம்ப வைத்தது அந்தப் பத்திதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

பிறகு, கடிதம் வெளியே போகவில்லை என்பதை நிரூபிக்கச் சொன்னார்கள். விடுப்பு நாளில் அதற்காகவே போனேன்; பதிவேடுகளின் சாவியை வைத்திருந்தவர் அன்று வரவில்லை. மறுமுறை போனபோது, பணி ஒப்படைப்புப் பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் என் கையொப்பம் இருந்தது, பொறுப்பேற்றவரின் கையொப்பம் இல்லை. என் அவசரத்தில் அவரைக் கையொப்பமிடச் சொல்லாமல் வந்திருக்கிறேன். கடைசியில் காப்பாற்றியது வாயில் பதிவேடு: வெளியேறும்போது என்னைச் சோதனையிட்ட நேரமும், சோதித்தவரின் கையொப்பமும் அதில் தெளிவாக இருந்தன. தினமும் அந்தச் சோதனைக்கு முகம் சுளித்தவன் நான். அன்று அந்தக் கையொப்பத்தைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு மூச்சு சீரானது.

நேரில் அழைத்து நடத்திய விசாரணை ஒரே அமர்வில் முடிந்தது. என் வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்தேன். சிறைவாசிகளை நடத்தும் முறை குறித்து 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 58ஆம் விதி, உரிய கண்காணிப்புக்கு உட்பட்டுக் குடும்பத்தோடு கடிதத் தொடர்பு கொள்ளச் சிறைவாசிக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது. அவர் மகளுக்கு எழுதியது குற்றமில்லை, என் சட்டைப்பை வழியாக அது போகவிருந்ததுதான் பிழை என்று எழுதினேன். தன் கடிதங்கள் வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்ததாக அவர் விசாரணையில் சொன்னாராம். அதையும் விசாரித்தார்கள். பிரித்துப் படிக்கப்பட்ட அந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அது முறைப்படி அனுப்பப்பட்டது. அவருக்கு எச்சரிக்கை, எனக்கு எழுத்துப்பூர்வ அறிவுரையும் சிறைக்குள்ளேயே வேறு தொகுதிக்கு மாற்றமும்.

மாற்றத்தைத் தண்டனையாக நினைத்துச் சில நாள் மனம் புழுங்கியது உண்மை. விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்ட சிறைவாசியை நேருக்கு நேர் பார்க்க நேரும் பணியில் தொடராதீர்கள், நீங்களே எழுதிக் கேட்டு விலகிக்கொள்ளுங்கள். விவகாரம் முடியும்வரை ஆன 19 நாளில் பாதியை அதே நடையில் அவரைக் கடந்து கடந்து நான் கழித்தது இருவருக்குமே வேதனையாக இருந்தது. என்ன பேசினாலும் தவறாகும், பேசாவிட்டாலும் மனது அறுக்கும். குடும்பத்தைப் பற்றிய பேச்சை இப்போது வாயிலுக்கு வெளியே வைத்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் பார்க்க வந்தவர்களைச் சந்திக்கும் நேர்காணலுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வரிசையில் அவர் நின்றிருந்தார். வணக்கம் சொன்னார். நானும் வணக்கம் சொல்லிவிட்டு, வரிசையை எண்ணி முடித்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு, பொறுப்பேற்றவரும் கையொப்பமிடும்வரை அங்கேயே நின்றேன்.