நடிகரின் மூச்சும் வளவின் எதிரொலியும்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் சைக்கலாஜிக்கல் த்ரில்லர் எடுக்க வரும் யூனிட் முதல் நாளே பழைய செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து மயங்கிவிடும். முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் திறந்துகொண்டே போகும். கடைசிக் கதவில் ஒருவரை நிறுத்தினாலே பயம் வந்துவிடும் என்று தோன்றும். அது வீடு தரும் பயம். இரண்டு காட்சியில் பழகிப்போகும். அதற்குப் பிறகு படத்தைச் சுமப்பவை முகங்கள்தான். நடிகர் சரியாக நடிக்காமல் கெடும் காட்சிகள் குறைவு. அவர் கொடுத்ததை வெளிச்சம், ஒலி, ஃபோகஸ், கால்ஷீட் அவசரம் என்று நாம் சிதறடித்துக் கெடுப்பவையே அதிகம்.

குற்றவாளி வேடத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் முறை பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக் கூடாது. தெரிந்துகொண்டு மறுபடி பார்ப்பவருக்கு எல்லாம் தெரிய வேண்டும். "கொஞ்சம் சந்தேகம் வர்ற மாதிரி பாருங்க" என்று சொன்னால் இரண்டும் போச்சு. பொய் சொல்கிறவர் பொய்யை நடிப்பதில்லை, நம்பவைக்கப் பாடுபடுகிறார். அதனால் உணர்ச்சியைக் கேட்காமல் வேலையைக் கொடுக்க வேண்டும்: "அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இலையிலேர்ந்து கண்ணை எடுக்காதீங்கண்ணே." அழுகைக்கும் அதே கணக்கு. "அழுங்க" என்றால் கண்ணீர் வரும். "அழக் கூடாதும்மா, பக்கத்து அறையில ஆச்சி முழிச்சிருக்காங்க" என்றால் தொண்டை ஏறி இறங்கும், உதடு ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டியது அதுதான். கிளிசரின் கண்ணை மட்டுமே நனைக்கும்.

படப்பிடிப்பு கதை வரிசையில் நடப்பதில்லை. வளவுக் காட்சிகள் எல்லாம் ஒரே மூச்சில், மாடிக் காட்சிகள் வேறு நாளில். காலையில் 71ஆம் காட்சி, மதியம் 12ஆம் காட்சி என்று வரும்போது மனம் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பது நடிகருக்கே குழம்பும். ஒவ்வொரு காட்சிக்கும் பயம், தூக்கமின்மை, சந்தேகம் மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எண் போட்டு, ஷூட்டிங் தொடங்கும் முன்பே நடிகரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் சேலை மடிப்போடு சேர்த்து, எந்தக் கை நடுங்கியது, எந்தச் சொல்லில் தொடங்கியது, எப்போது நின்றது என்றும் எழுத வேண்டும். முழுக் காட்சியையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் இடது கை நடுங்கி க்ளோஸ்-அப்பில் வலது கை நடுங்கினால் எடிட்டர் நல்ல டேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெட்டுக்குப் பொருந்தும் சுமாரான டேக்கை வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பீதிக் காட்சிக்கு முன் நடிகர் வேகவேகமாக மூச்சு விட்டுத் தயாராவது வழக்கம். உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை சுற்றும். முதல் இரண்டு டேக்கில் அது நடிப்புக்கு உதவுவதுபோல் இருக்கும், அதன் பிறகு வசனம் மறக்கும். மூன்று டேக்குக்கு மேல் போகாமல் நிறுத்தி, உட்காரவைத்துச் சாதாரணமாக மூச்சு விடவைப்பது நல்லது. இந்தக் காட்சிகளில் க்ளோஸ்-அப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். மாஸ்டரில் களைப்பு தெரியாது, க்ளோஸ்-அப்பில் மறையாது. டேக் தொடக்கத்தில் கிளாப்பை மூக்குக்கு முன்னால் அறைவதற்குப் பதில் டேக் முடிவில் தலைகீழாகப் பிடித்து அடிக்கலாம். தயாரான மனநிலை தொடக்கத்தில் அடிக்கும் சத்தத்திலேயே உடைந்துபோகிறது.

ஃபோகஸ் கணக்கு நடிகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முழு ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம், லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சர் 2 என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. பயத்தில் ஒருவர் லேசாக முன்னால் சாய்ந்தாலே கண் மங்கிவிடும். "அசையாதீங்க" என்று சொன்னால் நடிப்பு செத்துப்போகும். அப்பர்ச்சரை 4-க்கு மூடினால் ஏழரை செ.மீ. வரை கிடைக்கும், ஆனால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். பின்னணி அழகாக மங்குவதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடிகருக்கு அசைய இடம் கொடுப்பதே சரி என்பது எங்கள் கட்சி.

வளவு வானம் பார்த்தது. வெயில் மணிக்கு 15 பாகை நகரும். பத்து மணிக்குத் தூணடியில் கிடந்த வெயில் பன்னிரண்டு மணிக்கு அங்கே இருக்காது. முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி இருக்கும் வீடுகளில் வீட்டார் அனுமதியோடு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் வெளிச்சம் ஓரளவு ஒரே சீராக இருக்கும், உச்சத்தில் இருக்கும் நடிகரை "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று உட்காரவைக்க வேண்டியதில்லை.

இந்த வீடுகளில் பெரும்பாடு ஒலிதான். ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்பும். கிசுகிசுத்துப் பேசும் வசனத்தின் கடைசி எழுத்துகள் எதிரொலியில் கரைந்துபோகும். கேட்காததால் நடிகரும் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார், ரகசியம் பிரசங்கமாகிவிடும். ஃப்ரேமுக்கு வெளியே தரையில் ஜமக்காளத்தை இரட்டையாக விரித்து, கேமராவுக்குப் பின்னால் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டால் பாதி சரியாகும். கஞ்சி போட்ட கண்டாங்கிச் சேலை, உடையில் குத்தும் லேப்பல் மைக்கில் சரசரக்கும்; இரண்டு முறை அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டுக் கட்டச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரை அடுத்த தெருவில் நிறுத்த வேண்டும். ஊர்க் கோயில் திருவிழாத் தேதிகளை முன்கூட்டியே கேட்டுவைக்காவிட்டால் குழாய் ஒலிபெருக்கி நாள் முழுக்க நம்மோடு நடிக்கும்.

கழுத்தை நெரிக்கும் காட்சியில் வலுவை நெரிபடுபவரே தருகிறார். நெரிப்பவர் விரல்களைக் கழுத்தின் மேல் வெறுமனே வைக்க, மற்றவர் அந்த மணிக்கட்டுகளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உடலை உதற வேண்டும். நெரிப்பவர் முகத்தில் கோபம் குறையக் குறையக் காட்சி கனக்கும். நிறுத்தச் சொல்லும் சைகை ஒன்றை இருவரும் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

காரைக்குடி மண்ணுக்கும் இந்த வகைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்த ஊர்க்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1947இல் வெளியான 'நாம் இருவர்' படத்தைக் காரைக்குடியில் எடுத்தார். பிறகு அவருடைய ஸ்டுடியோ சென்னைக்குப் போனது. 1954இல் அதே நிறுவனம் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் தந்த 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாத கொலைப் புதிர். ஒரே மனிதனை ஒவ்வொருவர் வாக்குமூலமும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆசுவாசத்துக்குப் பாட்டு இல்லை என்றால் நடிகர் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. பார்த்துப் படிக்க இன்றைக்கும் அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

டப்பிங் வரை போகும் படமானால் வேலை இன்னும் முடியவில்லை. நேராக நின்று தாளைப் பார்த்துப் படித்தால் குரல் மார்பிலிருந்து வரும், திரையில் இருப்பவரோ தரையில் குறுகிக் கிடப்பார். அதே மாதிரி குனியவைத்து, முழங்காலைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, மைக்கை அங்கே இறக்க வேண்டும். வசனம் முடிந்ததும், பேச்சே இல்லாத இடங்களின் மூச்சுக்கென்று மட்டும் ரீலை ஒரு முறை முழுதாக ஓட்டிப் பதிவு செய்ய வேண்டும்.