சைனாடவுனில் கையால் இழுத்த மீ

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு டெம்பிள் ஸ்ட்ரீட் வழியாக உள்ளே நடந்தால் சில நிமிடத்தில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் வந்துவிடும். கோவில் 1827-ல் வந்தது. காம்ப்ளெக்ஸின் அடித்தளத்தில் மீன், காய்கறிச் சந்தை. அதற்கு மேலே துணிமணி, சாமான் கடைகள். இரண்டாம் தளம் முழுக்கச் சாப்பாடுதான். சிங்கப்பூரின் மிகப் பெரிய உணவங்காடி நிலையம் இது. முன்பெல்லாம் சுற்றியிருக்கும் தெருக்களில் வண்டி போட்டு விற்றவர்களை 1983-ல் இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே ஒரு கோழிச்சோற்றுக் கடைக்கு 2016-ல் மிஷெலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்தது உலகச் செய்தியானது. நான் தேடிப் போனது அதை இல்லை, கையால் இழுக்கிற சீனக் கோதுமை நூடுல்ஸான லாமியனை. நூடுல்ஸுக்கு இங்கே மீ என்று பேர்.

யீஷூனில் இருக்கும் பெரியப்பா மகன் கூட வந்திருந்தார். எல்லாக் கடையும் ஒரே மாதிரிச் சிறிய அறைகள், வரிசை வரிசையாக. அண்ணன் இல்லாவிட்டால் கடையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்தார். யாரும் அதை எடுக்க மாட்டார்களாம். அப்புறம் வரிசையில் நின்றோம். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நின்ற இடம் நல்ல இடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாவு.

கடைக்கார அங்கிள் ஈரத்துணி மூடிய மாவிலிருந்து கை அளவு தடிமனில் ஒரு துண்டு எடுத்தார். இரு முனையையும் பிடித்துத் தூக்கி, பலகையில் ஓங்கி அடித்தார். மாவு நீண்டது. முனைகளைச் சேர்த்ததும் அது தானாக முறுக்கிக்கொண்டது. மறுபடி அடி, மறுபடி முறுக்கு. மாவு சொன்னபடி கேட்கும் பதத்துக்கு வந்த பிறகு மேலே உலர்ந்த மாவைத் தூவிவிட்டு இழுக்க ஆரம்பித்தார். கை இரண்டும் அகல விரிய ஓர் இழுப்பு. இரு முனையும் இடது கைக்குப் போக, நடுவில் தொங்கும் வளைவை வலது கை விரல்கள் பிடிக்கும். அடுத்த இழுப்பு. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, எட்டாவது மடிப்பில் 256 இழை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பிடியில் தங்கிய மாவுக் கட்டியைக் கிள்ளிப் போட்டுவிட்டு, இழைகளை அப்படியே கொதிக்கும் தண்ணீரில் விட்டார். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

இதைக் கோதுமையால் மட்டும்தான் செய்ய முடியும். தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. நீட்டினால் நீள்கிறது, விட்டால் சுருங்கப் பார்க்கிறது. ஊறவிட்டால் அந்த முரண்டு அடங்கும். அரிசி மாவில் இது கிடையாது. அதனால்தான் நாம் இடியாப்பத்தை உரலில் போட்டுப் பிழிகிறோம். சீனாவின் லாஜியா என்ற இடத்தில் மண்ணில் கவிழ்ந்து கிடந்த கிண்ணத்துக்குள் 4,000 ஆண்டு பழைய நூடுல்ஸ் கிடைத்ததாக 2005-ல் அறிவித்தார்கள். தினையும் பனிவரகும் சேர்ந்தது என்றது ஆய்வு. அந்த மாவை எப்படி இவ்வளவு மெல்லிய இழையாக்கினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த அங்கிளின் கையைப் பார்த்த பிறகு, அந்த வாதம் எவ்வளவு நியாயமானது என்று எனக்குப் புரிந்தது.

லாமியனுக்குப் பேர்போன ஊர் வடமேற்குச் சீனாவின் லான்ஜோ. அங்கே ஹுய் முஸ்லிம்கள் வளர்த்த மாட்டிறைச்சி மீ அது. சூப்பு தெளிவாக, முள்ளங்கி வெள்ளையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, தழை பச்சையாக, மீ மஞ்சளாக இருக்க வேண்டும் என்று ஐந்து இலக்கணம் வைத்திருக்கிறார்கள். ஒரு பாலைச் செடியை எரித்த காரச் சாம்பலை மாவில் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். மஞ்சள் நிறமும் அந்தத் துள்ளலும் அதனால் வருகின்றன. சிங்கப்பூர்ச் சீனர்களில் பெரும்பாலோரின் முன்னோர்கள் தெற்குச் சீனாவிலிருந்து வந்தவர்கள். ஆகவே இந்த வடக்கத்தி மீ இங்கே பின்னால் வந்து சேர்ந்த சாப்பாடு. ஆனால் நாங்கள் சாப்பிட்ட கடை பன்றி இறைச்சி சேர்க்கும் கடை. விலக்குபவர்கள் வரிசையில் நிற்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது ஜா ஜியாங் மியன். வெந்த மீயின் மேல் புளிக்கவைத்த சோயா விழுதில் வதக்கிய கொத்திறைச்சி, ஓரத்தில் வெள்ளரிக்காய்ச் சீவல். அண்ணன் சூப்பு மீ வாங்கினார்.

“தம்பி, போட்டோ அப்புறம் எடுக்கலாம். ஆறினா ஒட்டிக்கும், முதல்ல கிளறு” என்றார்.

கிளறினேன். முதல் வாயிலேயே தெரிந்தது. மேலே வழவழப்பு, கடித்தால் உள்ளே ஓர் எதிர்ப்பு, பிறகு விட்டுக்கொடுக்கிறது. கையால் இழுத்ததால் ஓர் இழை கொஞ்சம் தடிமன், பக்கத்து இழை மெல்லிசு. ஒரே வாயில் இரண்டு விதமான கடி. பாக்கெட் நூடுல்ஸில் சுவை எல்லாம் மசாலாவில் இருக்கும். இங்கே விழுதை ஒதுக்கிவிட்டு வெறும் மீயைத் தின்றாலும் கோதுமையின் லேசான இனிப்பு தனியாகத் தெரிந்தது. விழுது எனக்குச் சற்று உப்புதான். வெள்ளரிக்காய் அதைச் சரிசெய்தது. இந்த உழைப்புக்கு வாங்கியது சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மட்டும். இன்னும் கூடக் கேட்கலாம் அவர். நான் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்கும், ஆனால் அவர் கட்சி மீ ஹூன் குவே. அதில் இழுப்பு இல்லை. மாவைத் தட்டையாக்கி விரலால் பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கும் சூப்பில் போடுகிறார்கள். சூப்பு நெத்திலிக் கருவாட்டில் எடுத்தது. கீரை, முட்டை, மேலே மொறுமொறு நெத்திலி. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு வீட்டு நினைவைக் கொண்டுவருவது அதுதான் என்றார் அவர். மறுநாள் அவர் பேட்டைக் கடையில் வாங்கித் தந்தார். சூப்பு என்று பார்த்தால் அது ஒரு படி மேல். நெத்திலியின் ஆழம் லாமியன் சூப்பில் இல்லை. மாவு என்று பார்த்தால் என் ஓட்டு லாமியனுக்குத்தான், அண்ணனிடமும் அப்படியே சொன்னேன்.

போகிறவர்கள் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், மதிய வரிசைக்கு முன்னால். வாரத்தில் விடுமுறை நாள் கடைக்குக் கடை மாறும். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021-லிருந்து அது சட்டம். இழுக்கிற மேடைக்கு எதிரே இருக்கும் மேசை காலியாக இருந்தால் விடாதீர்கள்.