ஓடாமல் நிற்கப் பழகுவது

35 லிட்டர் ஆசிட் கேனில் வெறும் தண்ணீரை நிரப்பி, மூடியைத் தளர்த்தி, ஸ்டோர் வாசலில் சாய்த்துவிட்டு "ஆசிட் கொட்டிடுச்சு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பயிற்சியை எங்கே தொடங்க வேண்டும் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவர் துடைப்பத்தோடு ஓடி வருவார். இன்னொருவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வருவார். மூன்றாமவர் வெறுங்கையால் கேனை நிமிர்த்துவார். மூவருமே நல்ல வேலைக்காரர்கள். கொட்டியதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவர்களுக்குக் குற்றம் போலத் தோன்றும். வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் சிறு வயதிலிருந்தே ஊறிய பழக்கம் அது. ஆபத்தான பொருள்களைக் கையாள்பவர்களுக்கான பயிற்சியில் மிகக் கடினமான பாடம் இந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான். மற்றதெல்லாம் கணக்கும் கைப்பழக்கமும்.

கேனில் இருந்தது 98 சதவீதக் கந்தக அமிலமானால் துடைப்பம் கருகும். குழாய்த் தண்ணீர் பட்ட இடம் கொதித்துத் தெறிக்கும். அதனால் பயிற்சியின் முதல் அரை மணி நேரம் முழுக்கக் கால்களுக்குத்தான். குரல் கேட்டதும் நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். கம்பத்தில் கட்டிய ஒரு துண்டுத் துணி போதும், அதைக் காட்டிவிடும். காற்று எதிர்முகமாக வரும் பக்கத்தில், மேட்டுப்பாங்காக விலக வேண்டும். வருகிறவர்களைத் தடுக்க வேண்டும். பிறகுதான் என்ன பொருள் என்ற கேள்வி. லேபிளையும் டேங்கரின் பலகையில் உள்ள எண்ணையும் தூரத்திலிருந்தே படிக்கலாம்: 1830 கந்தக அமிலம், 1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1005 அம்மோனியா, 1017 குளோரின். ஓர் ஆலைக்குள் வந்துபோகும் எண்கள் சிலவே. வீட்டுக் கதவெண் போல மனப்பாடமாகிவிடும்.

அடுத்தது கணக்கு. இதைத் தரையிலேயே சாக்பீஸால் போட்டுக் காட்ட வேண்டும், திரையில் அல்ல. 35 லிட்டர் திரவம் சமமான சிமெண்ட் தரையில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் படர்ந்தால் 7 சதுர மீட்டர் ஆகிறது. அதைச் சுற்றி வளைக்க ஒன்பதரை மீட்டருக்குக் கரை கட்ட வேண்டும். அடியில் ஒரு சாண் அகலமாவது இல்லாத கரை நிற்காது. அதற்கு நான்கைந்து சிவப்பு வாளி மணல் வேண்டும். ஆனால் பல இடங்களில் மாட்டியிருப்பது இரண்டே வாளி. அதிலும் மழைநீர் இறங்கியிருக்கும். ஈர மணல் செறிந்த கந்தக அமிலத்தில் விழுந்தால் சூடேறித் தெறிக்கும். வாளிக்கு மூடியும், வாரம் ஒருமுறை கையை விட்டுப் பார்ப்பதும் இந்தப் பாடத்தில்தான் வருகின்றன. மரத்தூளை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. கந்தக அமிலம் அதைக் கரியாக்கும். நைட்ரிக் அமிலம் பழுப்புப் புகையைக் கிளப்பித் தீயே பிடிக்கச் செய்யலாம்.

அமிலத்தை முறிக்கும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் தூள்) கணக்கு பலரைத் திகைக்க வைக்கும். 98 சதவீத அமிலம் ஒரு லிட்டரை முறிக்க ஏறத்தாழ 2 கிலோ வேண்டும். ஒரு கேனுக்கு 70 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஒன்றரை. தவிர, ஒவ்வொரு லிட்டரும் முறியும்போது 450 லிட்டர் அளவுக்குக் கரியமிலவாயு பொங்கும். மூடிய அறைக்குள் அது இன்னொரு விபத்து. ஆகவே கொட்டியதையெல்லாம் முறிக்க நினைப்பதே தவறு. முதலில் கரை கட்டுவது, பிறகு உலர்ந்த மணலில் உறிஞ்சி அள்ளுவது, கடைசியில் தரையில் ஒட்டியிருக்கும் படலத்துக்கு மட்டும் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகச் சோடா ஆஷ் தூவுவது. இந்த வரிசை மாறினால் அமிலத்தைவிட நுரைதான் வேகமாகக் காலடிக்கு வரும். சோடா ஆஷ் தீர்ந்துவிட்டது என்று காஸ்டிக் சோடா செதில்களை அள்ளிப் போடுவது இன்னும் மோசம், அத்தனை சூடு.

முறிப்பதைப் பழக்க ஆசிட் வேண்டியதில்லை. வினிகரில் மஞ்சள்தூளைக் கரைத்துத் தரையில் ஊற்றினால் போதும். சோடா ஆஷ் விழுந்த இடம் நுரைக்கும். நுரை அடங்கிய பிறகும் தூவிக்கொண்டே போனால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்க்காதவர் யார்? சிவந்தால் அளவு தாண்டி, தரை இப்போது காரமாகிவிட்டது என்று பொருள். இதைக் கண்ணால் பார்த்தவர்கள், அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஎச் காகிதத்தை எதற்கு நனைத்துப் பார்க்கிறோம் என்று பிறகு கேட்பதில்லை.

பாதுகாப்பு உடையைப் போடக் கற்றுக்கொடுப்பது எளிது. கால்சட்டை கம்பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற அமிலம் கம்பூட்டுக்குள் இறங்கித் தேங்கும். தலைக்கு மேலே வால்வைத் திறப்பவர் கையுறையின் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும், வடிவது முழங்கைக்கு ஓடாமல் அந்த மடிப்பிலேயே நிற்கும். ஆஸ்பத்திரியில் பார்க்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை செறிந்த கந்தக அமிலத்துக்குத் தாங்காது. தடித்த நியோபிரீனோ பியூட்டைலோ வேண்டும். கழற்றுவதுதான் சிரமம். கையுறை மேல் சொட்டு நீலத்தைக் குழைத்துப் பூசி, வெள்ளை பனியன் போட்டவரிடம் முழு உடையையும் கழற்றச் சொன்னால் நீலம் எங்கெங்கே போகிறது என்று தெரியும். மணிக்கட்டில் ஒரு வளையம். முகக்கவசத்தின் பட்டையைத் தேடிய விரல் தாடையின் கீழ் இழுத்த கோடு. வியர்வை துடைத்த நெற்றி. பாக்கெட்டில் மணியடித்த செல்போன். கம்பூட்டையும் வெளிக் கையுறையையும் முதலில் கழுவி, வெளிக் கையுறையைக் கழற்றி, மேலுடையை உள்பக்கம் வெளியாகச் சுருட்டி இறக்கி, முகக்கவசத்தை அதன் பிறகு எடுத்து, உள் கையுறையைக் கடைசியாக உரிக்க வேண்டும். நீலம் தோலில் படாமல் இதைச் செய்ய நான்கைந்து முறையாவது பழக வேண்டியிருக்கிறது. மே மாத வெயிலில் பிவிசி உடைக்குள் இருபது நிமிடத்துக்கு மேல் யாரையும் வைத்திருக்கக் கூடாது. தலை சுற்றுகிறவர் வரிசையை மறந்து முகக்கவசத்தைத்தான் முதலில் பிடுங்குவார்.

அவசரக் குளியலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 75 லிட்டர், 15 நிமிடம் என்றால் 1,100 லிட்டருக்கு மேல். 500 லிட்டர் தொட்டி ஏழு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். மொட்டை மாடிக் குழாயில் மதியம் வரும் நீர் சுடும்; சூடு தாங்காமல் ஆள் பாதியிலேயே விலகிவிடுவார். குழாய்க்கு நிழல் வேண்டும், சுற்றிலும் ஒரு மறைப்பும் வேண்டும். மறைப்பு இல்லாத இடத்தில் யாரும் சட்டையைக் கழற்ற மாட்டார்கள், பெண்கள் நிச்சயம் மாட்டார்கள். அமிலம் ஊறிய துணியோ உடம்போடு ஒட்டிக் கிடக்கும். பனியனைத் தலைவழியே இழுத்தால் கண்ணில் படும் என்பதால் பக்கத்திலேயே ஒரு கத்தரிக்கோலும் தொங்க வேண்டும்.

அள்ளிய மணலும் துணியும் அபாயகரக் கழிவுதான். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அமிலக் கழிவையும் ஹைப்போவையும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஒரே டிரம்மில் கொட்டினால் குளோரின் வரும். சோடா ஆஷ் கலந்த சேற்றை அன்றே இறுக மூடினால் டிரம் உப்பும். உப்பிய டிரம்மை யாரும் திறக்கக் கூடாது.

இத்தனையையும் தமிழில் மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதில் பயனில்லை. தொட்டி கழுவுபவர்களில் பலர் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் காண்ட்ராக்ட் ஆட்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் உறக்கத்திலேயே இறந்தார்கள். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்களே மிகுதி. எங்கே படுக்கக் கூடாது என்பதும் பயிற்சியின் பகுதிதான். அமெரிக்காவில் கழிவுத் தளங்களில் வேலை செய்பவர்களுக்கு 40 மணி நேர வகுப்பும் 3 நாள் களப்பயிற்சியும் முடித்த பிறகே உள்ளே அனுமதி. இங்கே இரவு ஷிப்ட் முடிந்து கண் செருகும் நேரத்தில் இருபது நிமிடம் கொடுக்கிறார்கள். அந்த இருபது நிமிடத்தில் ஒன்றை மட்டுமே பழக்க முடியும் என்றால், அது கழிவுநீர்த் தொட்டிப் பாடம்தான்.

தோல் பதனிடும் ஷாப்புகளில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் காரமாக இருக்கும்வரை சல்பைடு அடங்கிக் கிடக்கும். குரோம் பதனிடும் அமிலநீர் அதில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவில் சில நிமிடங்களில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. போய்விட்டது என்று நினைத்துத்தான் இறங்குவார்கள். 1,000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சு போதும், ஆள் விழுவார். சேற்றின் மேல் படியும் ஏடு இன்னொரு பொறி. மேலே நின்று அளக்கும்போது வாயு மீட்டர் பூஜ்யம் காட்டும். காலை வைத்து ஏடு உடைந்ததும் அடியில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளிவரும். அதனால்தான் மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும், முதலில் ஆக்சிஜனையும் பிறகு மற்றவற்றையும் அளந்த பின்னும், மீட்டர் இறங்குபவரின் மார்பிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காற்றுக் குழாயும் தொட்டியின் வாயோடு நிற்காமல் அடிவரை போக வேண்டும். காற்றை வடிகட்ட மட்டுமே செய்யும் கேட்ரிட்ஜ் மாஸ்க் ஆக்சிஜனைத் தராது.

1986இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் சொன்னது இது: இத்தகைய மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 36ஆம் பிரிவில் இறங்குபவரின் இடுப்புவாரையும் வெளியே ஒருவர் கையில் இருக்கும் கயிற்றையும் பேசியது. ஆனாலும் உள்ளே விழுந்தவர் மச்சானாகவோ ஊர்க்காரராகவோ இருந்தால் சட்டமா நினைவுக்கு வரும்?

ஆகவே காலியான, அளந்து பார்த்த தொட்டிக்குள் 60 கிலோ மணல் மூட்டைக்குச் சட்டை மாட்டி இறக்கிவிட்டு, மேலே நிற்பவரைக் கூப்பிட வேண்டும். முதல் முறை ஏறக்குறைய எல்லோரும் ஏணியில் கால் வைப்பார்கள். இரண்டாவது முறை வெறும் கயிற்றால் இழுக்கச் சொன்னால் நான்கு பேர் சேர்ந்தும் குறுகலான மேன்ஹோலின் விளிம்பில் மூட்டை சிக்கிக்கொள்ளும். மூன்றாவது முறை தொட்டியின் வாய்மேல் மூன்று கால் தாங்கியும் வின்ச்சும் (கையால் சுற்றும் கயிற்று உருளை) வைத்து, மூட்டைக்கு முழு உடல் வார் பூட்டினால் ஒருவரே தனியாகச் சுற்றி மேலே ஏற்றிவிடுவார். கைப்பிடியைச் சுற்றிய அந்த ஒருவருக்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது. அவருக்கு விசிலைக் கொடுத்து, வேறு எந்த வேலையும் தராமல் வாயிலில் நிறுத்தலாம். டீ குடிக்கப் போவதென்றாலும் முதலில் உள்ளே இருப்பவர் மேலே வர வேண்டும், அதன் பிறகுதான் அவர் நகரலாம்.