30 மீட்டர்னா எங்கிருந்து 30 மீட்டர்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது ஒரே விஷயம்தான். பையனை ட்ரோன் கோர்ஸில் சேர்க்கலாமா, எந்தக் காலேஜ், வேலை கிடைக்குமா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், இனி லிங்க் அனுப்பினால் போதும்.

ட்ரோன் ஓட்டுவதற்கான சான்றிதழ் வேறு, ட்ரோன் படிப்பு வேறு. சான்றிதழுக்குப் பட்டமெல்லாம் வேண்டாம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்படி வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும், பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும், டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் மத்திய அரசு இயக்குநரகம்) அங்கீகாரம் உள்ள இடத்தில் பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற வேண்டும், அவ்வளவுதான். 10 வருஷத்துக்குச் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கட்டாயமாக இருந்தது. நம்ம சேலம் பக்கத்துப் பையன்களில் எத்தனை பேர் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள்? 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், வேறு அரசு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் இருந்தால் போதும். 250 கிராம் வரையிலான குட்டி ட்ரோனுக்குச் சான்றிதழே தேவையில்லை, 2 கிலோ வரை உள்ளதைச் சும்மா ஆசைக்குப் பறக்கவிட்டாலும் தேவையில்லை. அதே ட்ரோனில் கல்யாணத்தைப் படமெடுத்துக் காசு வாங்கினால் தேவை. வீடியோ எடுக்கும் அண்ணன்கள் இந்த வரியை மட்டும் படிக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகங்களே இந்தப் பயிற்சியைக் கொடுக்க ஆரம்பித்தது நல்ல விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தைச் சொன்னால் எல்லோருக்கும் தக்‌ஷா அணி ஞாபகம் வரும், அஜித் ஆலோசகராக இருந்தாரே அந்த அணிதான், 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அஜித்துக்காகவே ட்ரோன் பக்கம் வந்த பையன்களை எனக்குத் தெரியும். வரட்டும், எதற்காக வந்தால் என்ன.

நான் பயிற்சி எடுத்ததும் சென்னைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில்தான். முதலில் வகுப்பு: விதிகள், வானிலை, பேட்டரி, அவசர நேரத்தில் என்ன செய்வது. அப்புறம் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர், அதற்கப்புறம்தான் மைதானம். ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்துவது, சதுரம், வட்டம், எட்டு போடுவது. பைக் லைசென்ஸுக்குப் போடும் அதே எட்டுதான், என்ன, இங்கே காலை ஊன்ற முடியாது. ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலது மாறிப்போகும், அங்கேதான் எல்லோருக்கும் வியர்க்கும். பயிற்சியாளர் கையில் இன்னொரு கன்ட்ரோலர் இருக்கும், நாம் தடுமாறினால் அவர் பிடித்துக்கொள்வார். ஜிபிஎஸ் இல்லாமல் ஓட்டச் சொல்வார்கள் பாருங்கள், ட்ரோன் காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் நழுவும், அதுவரை ஓட்டியது நாம் இல்லை, சாட்டிலைட்டுதான் என்று அப்போது புரியும்.

வகுப்பில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார், மகளிர் குழுவிலிருந்து, மருந்தடிக்கும் ட்ரோனுக்காக. பயணத் திட்டம் போடும் பாடத்தில், உயரம் 30 மீட்டர் என்று கொடுங்கள் என்று சார் சொன்னதும் அவர் கேட்டார்: "ஏனுங்க சார், எங்க காடு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளமுங்க. 30 மீட்டர்னா எங்கிருந்து 30 மீட்டருங்க?"

அந்தப் பயிற்சியிலேயே நான் கேட்ட நல்ல கேள்வி அதுதான். சார் பதில் சொன்னார், சரியாகவே சொன்னார், ஆனால் வெளியே இருந்த மைதானம் கேரம் போர்டு மாதிரி தட்டை, காட்டிக் கொடுக்க வழியில்லை. சாதாரண ட்ரோன் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறது, கிளம்பிய இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. சென்னையில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் அடிவாரத்தில் நின்று 30 மீட்டர் என்று கொடுத்து, சரிவின் மறுமுனை 40 மீட்டர் மேட்டில் இருந்தால், ட்ரோன் பாட்டுக்கு 30 மீட்டரிலேயே போய் மண்ணில் முட்டும். முட்டுவதற்கு முன்னாலேயே சில்வர் ஓக் மரம் பிடித்துக்கொள்ளும், காபிக்கு நிழலுக்காக நட்ட அந்த மரங்கள் 20 மீட்டருக்கு மேல் வளரும். தெரிந்தவர் ஒருவரின் ட்ரோன் அப்படித்தான் உச்சிக் கிளையில் தொங்கியது, மிளகு பறிக்கும் ஆள் ஏறி எடுத்துக் கொடுத்தார்.

மேலேயிருந்து கிளம்பினால் கதை தலைகீழ். ஏற்காட்டின் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் மாதிரி விளிம்பில் நின்று 100 மீட்டர் ஏற்றிப் பள்ளத்தாக்குப் பக்கம் அனுப்பினால் திரையில் 100 என்றுதான் காட்டும், கீழே தரையோ இன்னும் பல நூறு மீட்டர் பள்ளத்தில் இருக்கும். பச்சை மண்டலத்தில், அதாவது அரசின் ட்ரோன் மேப்பில் பச்சையாகக் காட்டும் பகுதியில், அனுமதி இல்லாமல் பறக்க 120 மீட்டர்தான் எல்லை, அதுவும் தரையிலிருந்து. திரையைப் பார்த்துக்கொண்டே விதியை மீறிக்கொண்டிருப்போம், நமக்கே தெரியாது. சிக்னல் போனால் தானாகத் திரும்பி வரும் வசதியும் இப்படித்தான், கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்ட உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் வரும், நடுவில் கரடு இருக்கிறதா என்று எல்லா ட்ரோனும் பார்க்காது.

காற்றும் வேறு. பகலில் வெயில் ஏற ஏறச் சரிவை ஒட்டிக் காற்று மேலே ஏறும், ராத்திரி கீழே இறங்கும், மலை முகட்டுக்குப் பின்பக்கம் சுழன்று கீழே அமுக்கும். ஏற்காடு 1,500 மீட்டர், சேலம் சுமார் 280. அந்த 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதே எடையைத் தூக்க விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். மார்கழிக் காலைக் குளிரில் இன்னும் மோசம். பனிமூட்டம் வந்தால் இறக்கிவிட வேண்டியதுதான், ட்ரோன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி.

கீழே சேலத்திலும் சும்மா இல்லை. விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது. கருப்பூர்ப் பக்கம் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் அதிலிருந்து 12 கிலோமீட்டருக்குள்தான் வரும். 8-லிருந்து 12 கிலோமீட்டர் வரை 60 மீட்டர் உயரம்தான் அனுமதி இல்லாமல் போகலாம், அதைவிட நெருங்கினால் விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். பறக்கும் முன் அந்த ட்ரோன் மேப்பைப் பார்க்காத பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், அபராதம் 1 லட்சம் வரை போகும்.

சரி, பட்டப்படிப்பு? அமெரிக்காவில் நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் 2009-லேயே ஆளில்லா விமானத்துக்கென்று நான்கு வருஷப் படிப்பு தொடங்கிவிட்டது (அதுவும் தட்டையான ஊர்தான், பாருங்கள்). இங்கேயும் இப்போது ட்ரோன் என்ற சொல்லைச் சேர்த்துப் போஸ்டர் ஒட்டாத காலேஜ் இல்லை. ஓட்டக் கற்க மூன்று நான்கு வருஷம் தேவையே இல்லை. மகளிர் குழுக்களுக்கான மத்திய அரசின் ட்ரோன் தீதி திட்டத்தில் பைலட் பயிற்சி 5 நாள், அதற்கு மேல் மருந்தும் உரமும் அடிக்க 10 நாள், மொத்தம் 15. ஓட்டுவதைவிட அடிக்கக் கற்க இருமடங்கு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது. பட்டப்படிப்பு என்றால் அந்த இரண்டாவது பகுதியை, அதாவது ட்ரோனை வைத்து வேலை செய்வதைத்தான், வருஷக் கணக்கில் சொல்லித் தர வேண்டும்: எடுத்த படங்களை மேப்பாக்குவது, மேக்னசைட் சுரங்கத்தில் தோண்டிய குழியின் கன அளவைக் கணக்கிடுவது, சரிவில் தரையை ஒட்டிப் பறக்கத் திட்டம் போடுவது, ட்ரோன் விழுந்தால் அது பறந்ததைப் பதிவு செய்த லாக் ஃபைலைப் படித்து ஏன் விழுந்தது என்று சொல்வது. சம்பளம் அங்கேதான் இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை வாசலில் வைத்துக்கொண்டு சேலத்துக் காலேஜ்கள் கிரிக்கெட் கிரவுண்டில் மட்டும் பறக்கவிட்டால் அதைவிட வீண் வேறில்லை.

ஆகவே அட்மிஷனுக்குப் போகிறவர்கள் முதலில் டிஜிசிஏ பட்டியலில் அந்த இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மலையில் எப்போது பறக்கவிடுவீர்கள், ஒரு பையனுக்குத் தனியாக எத்தனை மணி நேரம் கன்ட்ரோலர் கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் ஏசி ஹாஸ்டலைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனால், காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.