பிள்ளை தூங்க வேண்டும், ஸ்கேனும் ஓட வேண்டும்

நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியான பிறகு, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கும் ஆய்வு ஒன்றில் அவனைச் சேர்த்தோம். "ஸ்கேனில் என்ன தெரிந்தது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அவனைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆட்டிசத்தை இன்றும் பிள்ளையின் நடத்தையையும் பேச்சு, விளையாட்டு வளர்ச்சியையும் பார்த்துத்தான் கண்டறிகிறார்கள். ஒரு குழந்தையின் மூளைப் படத்தை மட்டும் வைத்து உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பிறகு எதற்குப் போனோம்? 2017-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு காரணம். ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் 106 கைக்குழந்தைகளை 6, 12, 24 மாதங்களில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தார்கள். பின்னர் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு, ஒரு வயதுக்கு முன்பே மூளையின் மேற்பரப்பு மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது. இரண்டாவது வயதில் மூளையின் அளவும் கூடியிருந்தது. பெரிய செய்திதான். ஆனால் அந்த 106 பேரில் ஆட்டிசம் உறுதியானவர்கள் 15 பேர்தான். இந்தத் துறைக்குப் பிள்ளைகள் எவ்வளவு தேவை என்பது அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. பிள்ளைக்கு நேரடிப் பலன் இல்லாதபோது மருந்தின் ஆபத்தை மட்டும் அவன் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. எனவே இரவில் தானாகத் தூங்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். கேட்கும்போது எளிதாக இருந்தது. எம்.ஆர்.ஐ. கருவியின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டக்கூடியது. என் மகனோ மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்பவன்.

ஸ்கேன் சத்தத்தின் ஒலிப்பதிவு ஒன்றை முன்கூட்டியே தந்தார்கள். அவன் தூங்கிய பிறகு, காதில் விழுந்தும் விழாததுமான அளவில் ஓடவிட்டு, இரவுக்கு இரவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். 'டக் டக்' என்று தொடங்கி, திடீரென நின்று, அடுத்து அபாயச் சங்கு போல நீட்டி ஊளையிடும். அந்த இடைவெளியில்தான் அவன் விழித்துக்கொள்வான். சத்தம் அல்ல, சத்தம் மாறுவதுதான் அவனை எழுப்புகிறது என்று கண்டுபிடித்தவர் என் கணவர். அதைச் சொன்னதும், படங்கள் எடுக்கும் வரிசையையே ஒருங்கிணைப்பாளர் மாற்றினார்: சத்தம் அதிகமானதும், கட்டிலே அதிரக்கூடியதுமான படத்தைக் கடைசிக்குத் தள்ளினார்.

எம்.ஆர்.ஐ. கருவி பெரிய காந்தம், உலோகம் உள்ளே போகக் கூடாது. அதனால் ஜிப், பிரஸ் பட்டன் எதுவும் இல்லாத பருத்தி உடை அவனுக்கு. கூட இருக்கப்போகும் எனக்கும் அதே சோதனை, கொண்டை ஊசி வரை. அவன் கண்ணயர்ந்ததும் காதில் பஞ்சடைப்பான், அதன் மேல் ஹெட்போன், தலையைச் சுற்றி மெத்தென்ற அணைகள். மூளையின் அமைப்பைக் காட்டும் படம் சில நிமிடங்களில் முடிந்தது. அடுத்து, மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்க்கும் படம். பாதியில் கால் ஆடியது, கண் திறந்தது, அழுகை. உடனே வெளியே எடுத்துவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பாதியில் நின்ற அந்தப் படம் பயன்படாது. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட, மூளைத் தொடர்புகள் பற்றிய கணக்கு பிசகிவிடும் என்று 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முன்னர் வெளியான சில முடிவுகளையே மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அசையாமல் தூங்கும் பிள்ளைகளின் படம் தேறுகிறது. சத்தம் தாங்காத, தூக்கம் பிடிக்காத, சொன்னது புரியாத பிள்ளைகள் கழிந்துபோகிறார்கள். ஆட்டிசம் அதிகமாகப் பாதித்தவர்கள் யாரோ, அவர்களே ஆய்வில் குறைவு. 'ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை' என்று பொதுவாக எழுதும்போது, எந்தப் பிள்ளைகளின் மூளை என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா? கலிபோர்னியாவில் உள்ள மைண்ட் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள், அறிவுசார் குறைபாடும் உள்ள பிள்ளைகளை நடத்தைப் பயிற்சி நிபுணர்களின் உதவியோடு பழக்கி, மயக்க மருந்தில்லாமல் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். செலவும் பொறுமையும் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

சேர நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன், படத்தில் எதிர்பாராத கோளாறு தென்பட்டால் யார், எப்போது சொல்வார்கள் என்று கேளுங்கள். இடையில் விலகினால் அதுவரை எடுத்த படங்கள் என்னவாகும் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் எங்களுக்கு எழுத்தில் பதில் கிடைத்தது. அடுத்த கட்ட ஸ்கேனுக்கும் அழைத்திருக்கிறார்கள். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம், ஒலிப்பதிவை இன்னும் முன்னதாக அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.