80 புள்ளி சேர்த்த கதை

ஆய்வேட்டைக் கையளிக்கப் போன அன்று அலுவலகத்தில் இருந்தவர் ஆய்வேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பயிற்சிப் புள்ளி எல்லாம் முடிஞ்சுதா மிஸ்?" என்றுதான் முதலில் கேட்டார். எண்ணிப் பார்த்தால் 77. நாலு வருடப் படிப்பு மூன்று புள்ளியில் வாசலிலே நின்றது.

நான் திருகோணமலை, உவர்மலையில் வீடு. இங்கேயே கணினி படிப்பிக்கிற வேலை, கலாநிதிப் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிந்தது வேறு ஊரில். பழைய தமிழ்ச் செய்திகளில் வரும் ஆட்பெயர், ஊர்ப்பெயர்களைக் கணினி தானாகக் கண்டுபிடிக்க வைப்பதுதான் ஆய்வு. பதிவு விதிகளில், ஆய்வுக்கு வெளியே ஆய்வாளருக்குத் தேவையான திறன்களில் 80 புள்ளிகள் எடுக்க வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி என்று ஒரு வரி இருந்தது. 80 என்ன பெரிய விஷயம் என்று நினைத்துக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

முதல் பயிற்சி 2022 மார்ச் கடைசியில். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை என்று அறிவித்த அதே வாரம். தலைப்பு என்ன தெரியுமா, 'ஆய்வாளர்களுக்கான நேர முகாமைத்துவம்'. சூமில், பின்னேரம் இரண்டு மணிக்கு. றவுட்டர் செத்துக் கிடந்ததால் போனில் டேட்டா போட்டு மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு இருந்தேன், வெயில் அப்படி. காலையில் மனம் தெளிவாக இருக்கும் நேரத்தைக் கடினமான வேலைக்கு ஒதுக்குங்கள் என்று வளவாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரவருக்கும் பற்றரி போய்விட்டது போல, சிக்னல் விழுந்தது. முடிவில் சாட்டில் பெயர் போட்டவர்களுக்குத்தான் வரவு. எனக்குப் பூச்சியம்.

அந்தக் கோபத்தில்தான், இந்தப் பழக்கத்தை யார் தொடக்கி வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். பிரித்தானியாவில் 2002இல் சர் காரத் ரொபர்ட்ஸ் என்பவர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறார். விஞ்ஞானம், பொறியியலில் கலாநிதிப் பட்டம் செய்பவர்களுக்கு வேலை உலகத்துக்குத் தேவையான திறன்கள் போதாது, வருடத்துக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது அதற்கென்று பயிற்சி கொடுங்கள் என்று அதில் எழுதியிருந்தார். அங்கே அதற்குத் தனியாகப் பணமும் ஒதுக்கினார்கள். எங்கள் விதிப்புத்தகத்திலும் அதே யோசனை இருந்தது, பணத்தைப் பற்றிய வரியை மட்டும் காணவில்லை. யோசனை பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணினித் துறையில் ஆய்வு செய்கிற ஒரு பிள்ளைக்கு முதல் வருடத்தில் என்ன தெரியாமல் இருக்கும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. கணினிக்காரர்தானே, கணினி எல்லாம் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள்.

எனக்குத் தெரியாதவற்றை இப்போது சொல்ல வெட்கமில்லை. தூரத்தில் இருக்கும் சேவரில் என் மாதிரியை, அதாவது பெயர்களைக் கண்டுபிடிக்கப் பழகும் நிரலை, பயிற்றுவிக்க விட்டிருந்தேன், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஓட வேண்டிய வேலை. இங்கே உவர்மலையில் கரண்ட் போகும், றவுட்டர் நிற்கும், இணைப்பு அறும், அதோடு அங்கே ஓடிக்கொண்டிருந்த வேலையும் செத்துவிடும். இப்படி ஆறு தடவை. சேவர் இருக்கும் இடத்தில் ஜெனரேற்றர் இருக்கிறது, அது ஓடிக்கொண்டுதான் இருந்தது! என் வீட்டு மின்வெட்டு அங்கே போய் வேலையைக் கொன்றதற்குக் காரணம் என் அறியாமை மட்டும்தான். ஒரு நாள் என்னிடம் படித்த இறுதிவருடப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, நீங்க டிமக்ஸ் போடேல்லையா?" என்று கேட்டாள். டிமக்ஸுக்குள் வேலையைத் தொடக்கினால் நாங்கள் வெளியே வந்தாலும், இணைப்பே அறுந்தாலும், அது சேவரில் தன்பாட்டில் ஓடும். பிறகு வந்து திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். அவள் சொல்லித்தர எடுத்தது ஐந்து நிமிடம். அதோடு சேர்த்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் மாதிரியைச் சேமித்து வைக்கும் பழக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்த அலுவலகமும் புள்ளி தராது, எனக்கோ அது இரண்டு மாதத்தை மிச்சம் பிடித்துத் தந்தது.

அப்புறம் கிட், கோப்புகளில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள். அதுவரை என் லப்டொப்பில் 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பதினேழு கோப்புறைகள். கொழும்பில் இரண்டு நாள் பட்டறை என்று மின்னஞ்சல் வந்தது, பதினான்கு புள்ளி. இரவு ரயிலில் ஏறி, தூங்கியும் தூங்காமலும் விடியக் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு போனேன். அது சொப்ட்வெயார் கார்பென்ட்ரி பாணிப் பட்டறை. 1998இல் விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதும் நல்ல பழக்கங்களைச் சொல்லித்தரத் தொடங்கிய ஒரு முயற்சி, இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. ஸ்லைட் கிடையாது. சொல்லித்தருபவர் எங்கள் முன்னாலேயே தட்டச்சு செய்வார், நாங்களும் கூடவே தட்டுவோம். ஆளுக்கு இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள். செய்து முடித்தால் ஒரு நிறத்தை லப்டொப்பின் முதுகில் ஒட்ட வேண்டும், மாட்டிக்கொண்டால் மற்ற நிறம். கை தூக்கவும் வேண்டாம், "எனக்கு விளங்கேல்லை" என்று வாய் திறக்கவும் வேண்டாம். படிப்பிக்கிறவள் என்பதால் சொல்கிறேன், எங்கள் பிள்ளைகள் விளங்காத இடத்தில் வாயே திறக்க மாட்டார்கள், நானும் அந்த இனம்தான். அன்று என் லப்டொப்பில் இளஞ்சிவப்பு ஒட்டுத்தாள் அரை நாளாக இருந்தது, யாரும் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. சொல்லித்தந்தவரே ஒரு கட்டளையைப் பிழையாக அடித்து, எல்லாம் சிவப்பாகி, "சரி, இப்ப இதிலயிருந்து எப்பிடி வெளிய வாறது எண்டு பாப்பம்" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் படித்ததுதான் இன்றைக்கும் கைகொடுக்கிறது.

எப்படிக் கைகொடுத்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழில் ஆங்கிலம் போலப் பெரிய எழுத்து இல்லை, அதனால் ஒரு சொல் பெயரா இல்லையா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'தங்கம் நிலாவெளிக்குப் போனாள்', 'தங்கம் விலை ஏறியது'. இரண்டிலும் அதே தங்கம். என் மாதிரி இதைப் பிரிப்பதில் நூற்றுக்கு 80 அளவில் நின்றுகொண்டிருந்தது, திடீரென்று ஒரு நாள் 91க்குப் பாய்ந்தது. அன்று வீட்டில் பால் பாயசம். மூன்று மாதம் கழித்து, அதுவரை காட்டாத புதுச் செய்திகளைக் கொடுத்துப் பார்த்தால் படுமோசம். எங்கேயோ இடிக்கிறது. கிட் பதிவேட்டில் பின்னோக்கிப் போய், எண் பாய்ந்த அந்த நாளில் என்ன மாற்றினேன் என்று பார்த்தேன். ஒரே ஒரு மாற்றம்: யுனிக்கோட் ஒருமுகப்படுத்தலை, அதாவது ஒரே எழுத்து இரண்டு விதமாகப் பதிந்திருந்தால் ஒரே விதமாக்குவதை, சேர்த்திருக்கிறேன்.

'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிக்கோட்டில் இரண்டு விதமாக வைக்கலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். என்னிடம் இருந்த செய்திகளில் பாதி, யுனிக்கோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலிருந்து நான் மாற்றியவை, அதில் கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்திருந்தன. மறுபாதி நேரே யுனிக்கோட்டில் வந்தவை. ஒரே செய்தி இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. ஒரே மாதிரி இருப்பவற்றை நீக்கியபோது இவை வேறு என்று தப்பிவிட்டன. அதன்பிறகு பயிற்சிக்கு இவ்வளவு, பரீட்சைக்கு இவ்வளவு என்று பிரித்தேன். அதற்கும் பிறகுதான் ஒருமுகப்படுத்தினேன். அதாவது பரீட்சைத்தாளில் வரப்போகிற கேள்விகளில் ஒரு பகுதியை விடையோடு முதல் நாளே பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை 91 எடுத்துவிட்டது என்று பாயசம் வைத்திருக்கிறேன்.

ஒழுங்கை மாற்றி, முதலில் ஒருமுகப்படுத்தி, பிறகு இரட்டிப்புகளை நீக்கி, பிறகு பிரித்தேன். 79. மேற்பார்வையாளருக்கு போன் எடுக்க இரண்டு நாள் தைரியம் வரவில்லை. எடுத்தபோது சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேப்பர் போறதுக்கு முன்னம் பிடிச்சிட்டீர். எந்த மாற்றத்தில வந்தது எண்டு உம்மால காட்ட ஏலுமா?" என்றார். காட்ட முடிந்தது. பதினேழு கோப்புறைக் காலமாக இருந்தால் என்னால் முடிந்திருக்காது, 91ஐயே தூக்கிக்கொண்டு போய் ஊர் சிரித்திருக்கும்.

எழுதுவது, அனுப்புவது பற்றி. கணினித் துறையில் மாநாட்டுக் கட்டுரைக்குத்தான் மதிப்பு, சஞ்சிகை அதற்குப் பிறகு. மற்றத் துறை நண்பர்களுக்கு இதை விளங்கப்படுத்தியே களைத்துவிட்டேன். 'ஆய்வுக் கட்டுரை எழுதுதல்' என்று எட்டுப் புள்ளிக்கு ஒரு பயிற்சி எடுத்தேன், முழுக்கச் சஞ்சிகை பற்றியே. என் முதல் மாநாட்டுக் கட்டுரையை வாசிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக்கூடாது என்பது விதி, நானோ கடைசிப் பக்கத்தில் என் கல்லூரிக்கும் மேற்பார்வையாளருக்கும் அம்மாவுக்கும் நன்றி சொல்லி வைத்திருக்கிறேன். இறுதித்திகதியிலும் ஒரு கூத்து. பல மாநாடுகள் 'பூமியில் எங்காவது' என்ற நேரக் கணக்கு வைத்திருக்கின்றன, உலகத்தில் கடைசியாக நாள் முடிகிற நேர வலயம் அது. அங்கே நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு அடுத்த நாள் பின்னேரம் 5.29. இது தெரியாமல் முதல் தடவை எங்கள் நள்ளிரவுக்கு முன்னே அனுப்ப வேண்டும் என்று பதறி, அரைகுறையாக அனுப்பிவிட்டு அழுதேன். பதினேழரை மணித்தியாலம் கையில் இருந்திருக்கிறது.

இதெல்லாம் நடந்த பிறகுதான் சனிக்கிழமைக் கூட்டம் வந்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு வெவ்வேறு இடங்களில் பதிந்த நாலு பேர், மூன்று பேர் கணினி, ஒருவர் புள்ளிவிபரவியல். உப்புவெளியில் ஒருவரின் வீட்டு விறாந்தை. ஒவ்வொரு சனியும் ஒருவர் தன் பக்கம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், கட்டுரையோ நிரலோ வரைபடமோ, மற்றவர்கள் சிவப்புப் பேனையால் கிழிப்போம். ரோல்ஸும் பிளேன்ரீயும் வீட்டுக்காரர் பொறுப்பு. கட்டுரையை அச்சுக்கு அமைக்கும் லாடெக்கில் அட்டவணை போடுவது, சொட்டேரோ என்ற மென்பொருளில் உசாத்துணை சேர்ப்பது, ஒரு கட்டுரையை முழுக்க வாசிக்க முன்பு சுருக்கத்தையும் படங்களையும் முடிவையும் மட்டும் பார்த்து விடலாமா தொடரலாமா என்று தீர்மானிப்பது, எல்லாம் அங்கேதான். கணினி சீரற்ற எண்களை உருவாக்கத் தொடங்கும் விதை எண்ணைக் குறித்து வைக்காவிட்டால் நேற்று வந்த முடிவு இன்று வராது என்பதையும் அந்த விறாந்தையில்தான் சண்டை பிடித்துப் படித்தோம். அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன், இந்த மணித்தியாலங்களைச் சேர்க்கலாமா என்று. வளவாளரின் கையொப்பமும் தகைமைச் சான்றிதழும் இணைக்கச் சொன்னார்கள். வளவாளர் என்று யாரைக் காட்டுவது, ரோல்ஸ் கொண்டு வந்த அண்ணாவையா?

புள்ளி தந்த பயிற்சிகளில் இன்னொன்றையும் பாராட்ட வேண்டும், மூன்று நிமிடத்தில் ஆய்வைச் சொல்வது. ஒரே ஒரு அசையாத ஸ்லைட், மூன்று நிமிடம், துறை தெரியாதவர்களுக்கு விளங்க வேண்டும். 2008இல் அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் தொடங்கிய போட்டி இது. அப்போது அங்கே கடும் வரட்சி, தண்ணீரை மிச்சம் பிடிக்க மூன்று நிமிடத்தில் குளித்து முடியுங்கள் என்று முட்டை அவிக்கிற மணற்கடிகாரத்தைக் குளியலறையில் வைத்திருந்தார்களாம், யோசனை அங்கிருந்துதான் வந்தது. நான் டச்சுக் குடாவில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். கடைசியில் குசினியில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"அப்ப, பக்கத்து வீட்டுச் செல்வத்தையும் பாங்கில கிடக்கிற செல்வத்தையும் பிரிச்சுச் சொல்லுற மெசினோ?"

"ஓமம்மா."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நேரம் என்னவோ கதைச்சாய்."

எழுதி வைத்திருந்த முதல் ஒரு நிமிடத்தை வெட்டிவிட்டு அம்மாவின் செல்வத்தில் தொடங்கினேன். ஆய்வேட்டின் முன்னுரையும் இப்போது அதே செல்வத்தில்தான் தொடங்குகிறது.

சரி, அந்த மூன்று புள்ளி. அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர், பட்டியலைப் பார்த்து அடுத்த வாரமே மூன்று மணித்தியாலப் பயிற்சி ஒன்று இருக்கிறது என்றார், சூமில். பதிந்துவிட்டு இரவு ரயிலில் ஊருக்கு வந்தேன். தலைப்பு 'ஆய்வாளர்களுக்கான நேர முகாமைத்துவம்'. அதே ஸ்லைட்கள்தான், 2022இல் நான் சிக்னலைத் தவறவிட்ட அந்தக் காலை நேரத்து ஸ்லைட்டும் வந்தது. இந்தத் தடவை கரண்ட் இருந்தது. சாட்டில் பெயரை இரண்டு தடவை போட்டேன்.