இருபத்தைந்து இலக்கத்தோடு நின்றுபோன எண்

3608528850368400786036725. இந்த எண்ணோடுதான் நேற்று ராத்திரி தூக்கம் போச்சு.

பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டியது மாதிரிதான் இருக்கும். ஆனால் இடமிருந்து முதல் 2 இலக்கத்தை எடுத்தால் 36, அது 2-ஆல் வகுபடும், 360, 3-ஆல், 3608, 4-ஆல், இப்படியே போய் 3608528-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 515504 வருகிறது (7-தான் எனக்குச் சந்தேகமாக இருந்தது, தாளில் போட்டே பார்த்தேன்), கடைசியில் மொத்த எண்ணும் 25-ஆல் வகுபடுகிறது.

சரி, 26? அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. கடைசியில் 0 முதல் 9 வரை எதைச் சேர்த்தாலும் 26-ஆல் வகுபடாது.

காரணம் எளிது. அடுத்த இலக்கத்துக்கு நம் கையில் இருப்பது பத்தே வாய்ப்பு, அதாவது அடுத்தடுத்த பத்து எண்கள். 10-வது இலக்கம் வரை அதில் ஒன்றாவது கட்டாயம் வகுபட்டே தீரும், 11-லிருந்து எல்லாம் அதிர்ஷ்டம்தான். 10 இலக்கத்தில் இந்த மாதிரி எண்கள் 2492 இருக்கின்றன, 20 இலக்கத்தில் 44, 24-இல் வெறும் 3, 25-இல் இது ஒன்றே ஒன்று. அதற்கு மேல் ஒன்றுமே கிடையாது.

இதற்கு ஒரு குட்டித் தம்பி உண்டு, 3816547290. அதே விதிதான், ஆனால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை. அப்படிப்பட்ட எண்ணும் இது ஒன்றுதான்.

அப்புறம், பெரிய எண்ணைச் சரிபார்க்க போன் கால்குலேட்டரை நம்பாதீர்கள், என்னுடையது பாதி இலக்கத்தை முழுங்கிவிட்டது.